இல்லாத கஃபேக்கு வழி கேட்டவர்கள்

பாட்டில் ஒரு கடை வந்துவிட்டால் அது ஊரில் எங்கோ இருக்கிறது என்று கேட்பவன் நம்பிவிடுகிறான். எழுதியவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 1964-ல் கில்பெர் பெகோ என்ற பிரெஞ்சுப் பாடகர் ‘நதாலி’ என்று ஒரு பாட்டுப் பாடினார். வரிகள் பியேர் தெலனோயே. கதை இவ்வளவுதான்: மாஸ்கோவுக்குச் சுற்றுலா போன பிரெஞ்சுக்காரன் ஒருவன், அவனுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வந்த கைடு நதாலி. செஞ்சதுக்கத்தில் பனி கொட்டிக் கிடக்கிறது. அவள் பொறுப்பாக அக்டோபர் புரட்சியை விளக்குகிறாள். அவன் பொறுப்பில்லாமல் வேறு கணக்குப் போடுகிறான்: லெனின் சமாதியைப் பார்த்து முடித்த கையோடு இவளைக் கஃபே புஷ்கினுக்கு அழைத்துப்போய் ஒரு சாக்லெட் பானம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

மாஸ்கோவில் அப்போது கஃபே புஷ்கின் என்று எதுவும் இல்லை. பிரெஞ்சில் லெனின் என்று முடிகிற வரிக்கு இயைபு தேடினால் கவிஞர் புஷ்கின் கையருகே கிடைப்பார். கிடைத்தார், கடை திறந்தாயிற்று. பாட்டு பிரான்ஸ் முழுக்க ஓடியது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மாஸ்கோவில் வந்து இறங்கியதும் கஃபே புஷ்கினுக்கு எப்படிப் போவது என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிராக்டர் உற்பத்தி முதல் விண்வெளி வரை எதைக் கேட்டாலும் பதில் சொல்லப் பழகியிருந்த சோவியத் கைடுகள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விழித்தார்கள்.

இப்படி முப்பத்தைந்து வருடம் விழித்த பிறகு, விழிப்பதை விடக் கட்டிவிடுவது சுலபம் என்று ஒருவருக்குத் தோன்றியது. அந்திரேய் தெல்லோஸ் அடிப்படையில் ஓவியர், பாரிஸில் சில காலம் வாழ்ந்தவர். 1999 ஜூன் 4 அன்று, அதாவது புஷ்கினின் இருநூறாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், த்வெர்ஸ்கோய் புல்வாரில் கஃபே புஷ்கினைத் திறந்தார். புத்தம் புதுக் கட்டடம். தோற்றத்தில் பழைய பிரபு மாளிகை. கீழ்த்தளம் அந்தக் காலத்து மருந்துக்கடை மாதிரி, மாடி ஜமீன்தார் வீட்டு நூலகம் மாதிரி. திறப்பு விழாவுக்கு யார் வந்து பாடினார் என்று சொல்லவே வேண்டாம். பெகோவே வந்து அதே பாட்டைப் பாடினார். பொய் சொன்னவரை அழைத்துவந்து அந்தப் பொய்க்கே ரிப்பன் வெட்ட வைத்த பெருமை மாஸ்கோவுக்குத்தான் உண்டு.

போலி என்று இதை முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்பது என் கட்சி. ரஷ்யாவும் பிரான்சும் இருநூறு வருடமாகத் தங்கள் பதார்த்தங்களை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பாரிஸ்காரன் செய்ததை ரஷ்யச் சமையல் என்பான் பாரிஸ்காரன்; மாஸ்கோக்காரி செய்ததைப் பிரெஞ்சுச் சமையல் என்பாள் மாஸ்கோக்காரி. இந்தக் குடும்பத்தில் ஒழுங்காகப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பது கஃபே புஷ்கின் ஒன்றுதான். அப்பா பெயர் பாட்டு, அம்மா பெயர் கற்பனை, பிறந்த தேதி ஜூன் 4.

முதலில் புஷ்கினையே எடுத்துக்கொள்வோம். ரஷ்ய மொழிக்கே தகப்பன் என்று கொண்டாடப்படுகிறவருக்குப் பள்ளியில் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பிரெஞ்சுக்காரன்’. அவருடைய ‘யெவ்கேனி ஒனேகின்’ நாயகன் முதல் அத்தியாயத்திலேயே பீட்டர்ஸ்பர்கில் தாலோன் என்ற பிரெஞ்சுக்காரரின் ரெஸ்டாரண்டுக்குச் சாப்பிடப் போகிறான். ரத்தம் கசியும் மாட்டிறைச்சி, மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளான், வாத்தின் ஈரல் வைத்த ஸ்ட்ராஸ்பர்க் பை, நாற்றமடிக்கும் லிம்பர்க் சீஸ், கடைசியில் அன்னாசிப்பழம். அந்த மேஜையில் ரஷ்யாவில் விளைந்த பொருள் என்று சொன்னால் ஒனேகின் ஒருவன்தான்.

புஷ்கின் உண்மையிலேயே போன ஒரு கஃபே உண்டு. அது மாஸ்கோவில் அல்ல, பீட்டர்ஸ்பர்கின் நேவ்ஸ்கி சாலையில் இருந்த வோல்ஃப்–பெராஞ்ஜே மிட்டாய்க்கடை. 1837-ல், பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி ஜனவரி 27 அன்று, அங்கே தன் நண்பர் தான்சாஸைச் சந்தித்துவிட்டு இருவருமாகப் பனிச்சறுக்கு வண்டி ஏறி ஊருக்கு வெளியே துப்பாக்கிச் சண்டைக்குப் போனார். எதிரே நின்றவர் ஜார்ஜ் தான்தெஸ். பிரெஞ்சுக்காரர், புஷ்கினின் மனைவி நதாலியாவைச் சுற்றிச் சுற்றி வந்தவர், அந்தப் பேச்சை அமுக்க நதாலியாவின் அக்காவையே கல்யாணம் செய்துகொண்டு மூன்று வாரம்கூட ஆகாத புது மாப்பிள்ளை. உறவுமுறை பார்த்தால் சகலை. சகலைகளுக்குள் சண்டை வருவது உலகத்தில் புதிதில்லை. சுட்டுக்கொள்வதுதான் கொஞ்சம் அதிகம். இரண்டு நாளில் புஷ்கின் இறந்தார். தான்தெஸ் பிரான்சுக்குத் திரும்பி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் செனட்டராகி, நிறைய வயது வாழ்ந்தார். மிட்டாய்க்கடை பிற்காலத்தில் ‘இலக்கிய கஃபே’ ஆனது. வாசலருகே மேஜை போட்டு மெழுகில் ஒரு புஷ்கினை உட்கார வைத்தார்கள்.

இப்போது அந்தப் பாட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு பிரெஞ்சுக்காரன். நதாலி என்று ஒரு ரஷ்யப் பெண். அவளை அவன் வலைவீசிக் கூட்டிப்போக நினைக்கும் இடம் புஷ்கின் பெயரில் உள்ள கடை. தெலனோயே இதை யோசித்து எழுதினாரா, போகிற போக்கில் விழுந்ததா என்பது அவருக்கும் கலைமகளுக்கும் வெளிச்சம். மாஸ்கோக்காரர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாததோடு, அதே புல்வாரில் கடையும் கட்டினார்கள். 1828 குளிர்காலத்தில் ஒரு நடன ஆசிரியர் நடத்திய விருந்தில் புஷ்கின் நதாலியாவை முதன்முதலில் பார்த்ததும் இந்த த்வெர்ஸ்கோய் புல்வாரில்தான்.

சரி, யார் யாருக்கு முதலில் சோறு போட்டது? நெப்போலியன் 1812 செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். விருந்தாளியாகப் போனவருக்கு வீட்டுக்காரர்கள் இல்லை, அடுப்பும் இல்லை; ஊரே அடுப்பாக எரிந்தது. ஒரு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிய படை, வழியில் தன் குதிரைகளையே அறுத்துத் தின்றது. 1814 மார்ச் 31 அன்று ரஷ்யப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. அவர்களுக்குக் கிடைத்தது அந்துவான் கரேம் என்ற மகா சமையற்காரர். போரில் யார் வென்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எதற்குத் தடி தடியாகப் புத்தகம் எழுதுகிறார்களோ, இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஜார் முதலாம் அலெக்சாந்தர் எலிசே மாளிகையில் தங்குவதாக ஏற்பாடு. அங்கே வெடி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. உடனே தாலெராந்த் என்ற பிரெஞ்சு அரசியல் மகானுபாவர், ‘அடியேன் குடிசைக்கு எழுந்தருளலாமே’ என்கிற பாவனையில் தன் மாளிகையைத் திறந்துவிட்டார். வதந்தியைக் கிளப்பியது யார் என்று தாலெராந்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர் வீட்டுச் சமையலில்தான் கரேம் இருந்தார். நெப்போலியனை அரியணையிலிருந்து இறக்கும் பேச்சு ஒரு அறையில். சாஸ் இறக்கும் வேலை இன்னொரு அறையில். வயிறு நிறைந்த அரசனிடம் எதையும் சாதிக்கலாம் என்பது தாலெராந்தின் ராஜதந்திரம். பாவம் நெப்போலியன், அவர் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிற ரகம்.

ஜாருக்குக் கரேமின் கை பிடித்துப்போயிற்று. 1819-ல் கரேம் பீட்டர்ஸ்பர்குக்கே கப்பலேறினார். போய்ச் சேர்ந்தால் ஜார் ஊரில் இல்லை. அரண்மனைச் சமையலறையிலோ திருட்டைத் தடுக்க எல்லாவற்றுக்கும் கணக்கு, எல்லார் மேலும் கண்காணிப்பு. பாரிஸில் சர்க்கரையில் கோபுரம் கட்டியவரிடம் வெண்ணெய்க்குக் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும்? வந்த வழியே திரும்பினார். ஊர் மட்டும் மனதில் நின்றிருக்க வேண்டும். பீட்டர்ஸ்பர்கில் எழுப்பலாம் என்று பெரிய பெரிய நினைவுச்சின்னங்களுக்கு வரைபடம் வரைந்து ஜாருக்குச் சமர்ப்பணம் செய்து அச்சிட்டார். ஜார் வைர மோதிரம் ஒன்றை அனுப்பிவைத்தார். கட்டடம் எதையும் கட்டவில்லை. சமையற்காரர் போட்ட பிளானில் கட்டடம் எழுப்பும் துணிச்சல் ஜாருக்கும் இருக்காதல்லவா.

கரேமின் பெயரில் நிற்கும் இனிப்பு ஒன்று உண்டு. விரல் வடிவ பிஸ்கட்டுகளை அச்சுக்குள் வேலிபோல நட்டு, நடுவே க்ரீம் ஊற்றிக் குளிரவைப்பது. அவர் வைத்த பெயர் ‘பாரிஸ் ஷார்லொத்’. உலகம் இன்று அதை ‘ரஷ்ய ஷார்லொத்’ என்றுதான் அழைக்கிறது. ரஷ்யாவில் போய் ஷார்லொத் கேட்டால் ஆப்பிள் போட்ட சாதாரணக் கேக் ஒன்றை நீட்டுவார்கள். தோற்றுப்போன நெப்போலியனின் பெயரையோ அவர்கள் அடுக்கடுக்காகப் பொரிபொரியென்று நொறுங்கும் கேக் ஒன்றுக்கு வைத்து இன்றும் தின்றுகொண்டிருக்கிறார்கள். பகைவனை மன்னிக்க இதைவிட ருசியான வழி கிடையாது.

பதிலுக்கு ரஷ்யர்கள் பாரிஸுக்குக் கொடுத்தது ஒரு பதார்த்தம் அல்ல, பரிமாறும் முறை. பழைய பிரெஞ்சு விருந்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேஜை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். பார்க்க மகா லட்சணம். உட்கார்ந்து எட்டுகிறதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டாததை, மேஜையின் மறுகோடியில் இருப்பவரிடம் ஜாடை காட்டிக் கேட்க வேண்டும். வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். ரஷ்ய முறையில் ஒவ்வொன்றாகச் சூடாக வரும், பின்னால் நிற்பவர் பரிமாறுவார். நம் பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வாளிகள் வரிசையாக வருகிற மாதிரி. இதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்த புண்ணியத்தை ரஷ்யத் தூதர் இளவரசர் குராகின் பேரில் எழுதுவது வழக்கம். வருடம் 1810 என்பார்கள்.

குராகினைப் பற்றி இதைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. மனிதர் மேலிருந்து கீழ்வரை தங்க ஜரிகையும் வைரமுமாக நடமாடுவார். அதே 1810 ஜூலை 1 அன்று ஆஸ்திரியத் தூதர் கொடுத்த நடன விருந்தில் கொட்டகை தீப்பிடித்தது. கூட்டம் மிதித்துக்கொண்டு ஓட, குராகின் விழுந்து கிடந்தார். தங்க ஜரிகைக் கோட்டு கவசம் மாதிரி அவர் உயிரைக் காப்பாற்றியது. காப்பாற்ற வந்தவர்களால்தான் அவரைத் தொட முடியவில்லை, கோட்டு அவ்வளவு சூடு! பலத்த தீக்காயத்தோடு பிழைத்தார். வைரங்களில் நிறையக் காணாமல் போயின. பதார்த்தம் சூடாக வர வேண்டும் என்று சொன்னவர் தானே சூடாக வந்த கதை இது. கரேமுக்கு இந்த ரஷ்ய முறை பிடிக்கவில்லை. சாப்பிடுகிறவனுக்கு அது நல்லது என்று ஒப்புக்கொண்டார், ஆனால் கண்ணுக்கு அழகு பிரெஞ்சு முறைதான் என்றார். சாப்பிடுகிறவன் கட்சி ஜெயிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. ஜெயிக்கவைத்தவர்களில் முக்கியமானவர் உர்பேன் துபுவா என்ற பிரெஞ்சுச் சமையற்காரர். அவர் ஓர்லவ் என்ற ரஷ்யப் பிரபுவிடம் வேலை பார்த்தவர். கன்றின் இறைச்சியைத் துண்டம் போட்டு, நடுநடுவே வெங்காயமும் காளானும் தடவி, மறுபடி ஒன்றாக அடுக்கிச் சுட்டு, எஜமானின் பெயர் சூட்டினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ரஷ்யப் பதார்த்தம். சோவியத் வீடுகளில் அதே ஜாடையில், இறைச்சிமேல் வெங்காயம், சீஸ், மயோனைஸ் கொட்டிச் சுடுகிற ஒன்றுக்குப் பெயர் ‘பிரெஞ்சு இறைச்சி’. பிரான்சில் எந்தப் பாட்டியிடம் காட்டினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

மாஸ்கோ–பீட்டர்ஸ்பர்க் சாலையில் தர்ஷோக் என்று ஓர் ஊர். அங்கே பஜார்ஸ்கி சத்திரத்தில் பொரித்த கட்லெட் சாப்பிடச் சொல்லி 1826-ல் புஷ்கின் தன் நண்பருக்குக் கவிதையாகவே கடிதம் எழுதினார். ஹோட்டல் விமர்சனத்தை யாப்பில் எழுதிய காலம் அது. இத்தனை அசலான ரஷ்யக் கட்லெட்டுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரனை ஒட்டவைத்துவிட்டார்கள்: தங்கிய வாடகை கொடுக்கக் காசில்லாத பிரெஞ்சுப் பயணி ஒருவன் சத்திரக்கார அம்மாவுக்குச் சமையல் குறிப்பைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தானாம். ரஷ்யாவில் எந்தப் பதார்த்தம் ருசியாக இருந்தாலும் அங்கே வாடகை பாக்கி வைத்த ஒரு பிரெஞ்சுக்காரன் வந்துவிடுகிறான்.

வாடகை பாக்கி வைக்காத பிரெஞ்சுக்காரர் என்றால் லூசியன் ஒலிவியே. மாஸ்கோவின் கதைசொல்லிப் பத்திரிகையாளர் கிலியரோவ்ஸ்கி சொல்வதை நம்பினால், இந்த ஒலிவியேவும் பேகொவ் என்ற வியாபாரியும் சிநேகமானது மூக்குப்பொடியால். துருப்னயா சதுக்கத்தில் பெர்கமோட் வாசனை போட்ட பொடி விற்கும் இடத்தில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். சதுக்கம் அப்போது லட்சணமான இடமில்லை. ஒரு பக்கம் பறவைச் சந்தை, சுற்றிலும் ரவுடி விடுதிகள், எதிரே ‘நரகம்’ என்றே பட்டப்பெயர் வாங்கிய சாராயக்கடை. அங்கே தும்மித் தும்மித் திட்டம் போட்டு, 1864-ல் பாரிஸை இறக்கினார்கள். பெயர் எர்மிதாஜ்.

எனக்குக் கஃபே புஷ்கினைவிட இந்த எர்மிதாஜ் மேல்தான் மோகம். வெள்ளைத் தூண் மண்டபம், தனித்தனி அறைகள், பிரெஞ்சுச் சாஸ், பிரெஞ்சு ஒயின். ஆனால் பரிமாறுகிறவர்கள்? வால் கோட்டு போட்ட பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. கிராமத்து மதுக்கடையில் ஓடியாடும் ரஷ்யப் பையன்களின் அதே உடுப்பு: வெள்ளைச் சட்டை, இடுப்பில் கயிறு. ஒரே வித்தியாசம், சட்டை விலையுயர்ந்த டச்சு லினன், கயிறு பட்டு. சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கும் கோடீஸ்வர வியாபாரிக்குத் தட்டில் பாரிஸ், கண்ணெதிரே தாத்தாவின் கிராமம். 1999-ல் தெல்லோஸ் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வேஷம் கட்டிய ரெஸ்டாரண்ட் அங்கே நூற்று முப்பத்தைந்து வருடம் முன்பே அரங்கேறிவிட்டது.

ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் அங்கே வந்தார்கள். இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் கல்யாண விருந்து 1877-ல் அங்கேதான் நடந்தது. மணமகள் சாப்பாட்டைத் தொடவே இல்லையாம். தம்பதிகள் சேர்ந்து வாழ்ந்ததும் சில வாரங்கள்தான். இதில் சமையலறையின் பங்கு ஏதும் இல்லை என்று ஒலிவியே சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன். வருடத்தில் ஒருநாள், தத்தியானா தினத்தில், மாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்களுக்கு எர்மிதாஜைத் திறந்துவிடுவார்கள். முதல் நாளே பட்டுத்திரை, கம்பளம், நல்ல நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே கட்டிவைத்துவிட்டுத் தரையில் மரத்தூள் கொட்டிவிடுவார்கள். மாணவ சமுதாயத்தின்மேல் இத்தனை தெளிவான மதிப்பீடு வைத்திருந்த நிர்வாகம் உலகில் வேறெங்கும் இருந்திருக்காது.

ஒலிவியேவின் பெயரை நிலைக்கவைத்தது சாலட். கல்லுக்கோழி என்கிற காட்டுக்கோழி வகை, நண்டின் உறவான நன்னீர் இறால், நாக்கு இறைச்சி, கேப்பர் மொட்டு என்று பலர் பலவிதமாகப் பட்டியல் தருகிறார்கள். அதற்குமேல் அவருடைய ரகசிய சாஸ். சாலட் பிறந்ததற்கும் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். அவர் முதலில் இறைச்சியையும் ஜெல்லியையும் சுற்றிலும் அழகாக அடுக்கி, நடுவில் சும்மா அலங்காரத்துக்கு உருளைக்கிழங்கும் மயோனைஸும் குவித்து அனுப்பினாராம். எட்டிப்பார்த்தால், மாஸ்கோ வியாபாரிகள் ஸ்பூனை எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் முதல் கோபத்தோடு தானே பிசைந்து அனுப்பிவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, பிரெஞ்சுச் சமையற்காரருக்கும் ரஷ்ய வாடிக்கையாளருக்கும் இடையே கையெழுத்தான ஒரே நேர்மையான ஒப்பந்தம் இது என்பேன். 1883-ல் ஒலிவியே இறந்தபோது சாஸின் ரகசியமும் கூடவே போயிற்று. புரட்சிக்குப் பிறகு எர்மிதாஜ் கட்டடம் ‘உழவர் இல்லம்’ ஆனது, பின்னாளில் அங்கே நாடகக் கொட்டகை வந்தது. பட்டுக்கயிறு கட்டிய கிராமத்துப் பையன்கள் போன இடத்துக்கு நிஜக் கிராமத்தார் வந்து தங்கினார்கள்.

இதே காலத்தில் பாரிஸ் பக்கம் நடந்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். 1867, உலகக் கண்காட்சி வருடம். ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பாரிஸுக்கு வந்திருக்கிறார். ஜூன் 6 அன்று பெரெசோவ்ஸ்கி என்ற போலந்து இளைஞன் அவர்மேல் துப்பாக்கியால் சுட்டான், குறி தவறியது. வேறு யாராக இருந்தாலும் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்திருப்பார்கள். ஜார் மறுநாள் கஃபே ஆங்லேயில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டார். சமையல் அடோல்ஃப் துக்லெரே. பதினாறு பதார்த்தம், எட்டு ஒயின், தலைக்கு 400 ஃபிராங்க். வாத்துக் குஞ்சு, கடல் நண்டு, சின்னஞ்சிறு குருவி வகை ரொட்டிமேல் வைத்து, ஸ்பானிய முறையில் கத்திரிக்காய், கடைசியில் ஐஸ். ‘மூன்று பேரரசர்களின் விருந்து’ என்று சரித்திரத்தில் பெயர். எண்ணிப் பார்த்தால் அன்று மேஜையில் பேரரசர் ஒருவர்தான். அலெக்சாந்தரின் மகன் அப்போது இளவரசர். பிரஷ்ய வில்ஹெல்ம் வெறும் அரசர். பேரரசராக இன்னும் நாலு வருடம் பாக்கி. நாலாவதாகப் பக்கத்தில் பிஸ்மார்க் உட்கார்ந்திருந்தார். அவர் பேரரசர் இல்லை, பேரரசரைத் தயாரிக்கிறவர்.

நடுநிசி தாண்டி ஒரு மணிக்கு ஜாருக்கு மனக்குறை வந்ததாம். இத்தனை போட்டீர்களே, வாத்து ஈரல் எங்கே? ஜூன் மாதத்தில் நாங்கள் அதைத் தொடுவதில்லை, அக்டோபர் வரை பொறுங்கள் என்று பதில். உயிர் பிழைத்த இரண்டாம் நாளே பதினாறு பதார்த்தத்துக்குப் பிறகு பதினேழாவதைக் கேட்டவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அக்டோபரில் ஈரலைப் பொட்டலம் கட்டி அனுப்பியும் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து விருந்தாளிகளில் இருவர் படையோடு திரும்பிவந்து பாரிஸை முற்றுகை போட்டார்கள். அந்த முற்றுகையில் பாரிஸ்காரர்கள் மிருகக்காட்சிசாலை யானைகள் இரண்டையும் வெட்டிச் சாப்பிட்டார்கள். கஃபே ஆங்லேயின் அந்த விருந்துச் சாமான்களை இப்போது தூர் தார்ழான் ரெஸ்டாரண்டில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மறுபடி 1876-ல் அதே ஜாருக்காக ரோடெரர் ஷாம்பெயின் கம்பெனி ‘கிறிஸ்டல்’ தயாரித்தது: உள்ளே ஏதும் ஒளித்துவைக்க முடியாத தெளிந்த பளிங்குப் பாட்டில், குழியில்லாத தட்டை அடி. குண்டு பயம்தான் காரணம் என்பார்கள். 1881-ல் குண்டு வந்தது. பாட்டிலில் அல்ல, தெருவில்.

1917-க்குப் பிறகு கணக்கு தலைகீழ். பாரிஸில் ரஷ்யப் பிரபுக்கள் வந்து குவிந்தார்கள். கர்னல்கள் டாக்ஸி ஓட்டினார்கள். 1927-ல் ஷெகெரசாட் போன்ற ரஷ்யக் கேளிக்கைக் கூடங்கள் திறந்தன. வாசலில் சர்க்கேசிய உடையும் இடுப்புக் கத்தியுமாக நின்றவர்களில் சிலர் உண்மையாகவே படை நடத்தியவர்கள். நிஜக் கொசாக் வீரன் கொசாக் வேஷம் கட்டிக்கொண்டு கதவு திறந்துவிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பிரெஞ்சு வாடிக்கையாளர் நம்பமாட்டார். அர்மீனிய சகோதரர்களான பெத்ரோசியன்கள் 1920-ல் கடை போட்டு மீன்முட்டை விற்க ஆரம்பித்தார்கள். முதலில் சுவைத்துப் பார்த்த கூட்டத்துக்குத் துப்புவதற்குப் பாத்திரமும் வைத்திருந்தார்கள் என்று குடும்பக் கதை. துப்பின ஊரே பிறகு அதற்குத் தங்க விலை கொடுத்தது.

ஆகவே கஃபே புஷ்கினுக்குள் இப்போது தலைநிமிர்ந்தே நுழையலாம். மெனு கார்டு பழைய செய்தித்தாள் மாதிரி இருக்கும். புரட்சிக்காரர்கள் 1918-ல் ஒழித்துக்கட்டிய எழுத்துகளுக்கெல்லாம் அதில் மறுவாழ்வு. சர்வர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலைக்காரர்களின் பேச்சில் ‘எஜமான்’ போட்டுப் பேசுவார்கள். பண்ணையடிமை முறையை 1861-ல் ஒழித்த நாட்டில் இது மட்டும் கூடுதல் கட்டணத்தோடு தொடர்கிறது. அந்தப் பஜார்ஸ்கி கட்லெட் உண்டு. மாவுக்கொழுக்கட்டை போன்ற பெல்மெனி உண்டு. இருபத்துநாலு மணி நேரக் கடையாக நடத்தினார்கள். துப்பாக்கிச் சண்டைக்குக் கிளம்புகிறவருக்கு அதிகாலையில் வேறெங்கே காபி கிடைக்கும்? 2010-ல் கஃபே புஷ்கின் பாரிஸுக்கும் போயிற்று. பிரெந்தாம் பல்கடை அங்காடியில் கேக் கடை. கேக் செய்தவர் எம்மானுவேல் ரியோன், பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் பாட்டில் பிறந்து, மாஸ்கோவில் கல்லாக எழுந்து, பிரெஞ்சுக்காரர் கையால் பாரிஸில் ‘அசல் ரஷ்ய இனிப்பு’ விற்ற கடை. கரேமின் ஷார்லொத் போன அதே பாதை, அதே சுற்று, டிக்கெட் விலைதான் ஏறிவிட்டது.

ஒலிவியேவின் சாலட் மட்டும் இந்தச் சுற்றில் சிக்காமல் கிளைபிரிந்து ஓடிவிட்டது. சோவியத் ஆட்சியில் காட்டுக்கோழிக்குப் பதில் ‘டாக்டர் சாசேஜ்’ வந்தது, இறாலின் சிவப்புக்குக் கேரட், கேப்பர் மொட்டின் பச்சைக்கு டப்பாப் பட்டாணி. புத்தாண்டு இரவில் இந்த ஒலிவியே இல்லாத வீடு சோவியத் வீடே இல்லை. தொழிலாளி வர்க்கம் ஒரு முதலாளித்துவ ரெஸ்டாரண்ட் முதலாளியின் பெயரை வருடா வருடம் வாய் நிறையச் சொல்லித் தின்றது. ஈரானில் அதே ஒலிவியே கோழியோடு சாண்ட்விச்சுக்குள் புகுந்தது. ஸ்பெயினில் ‘ரஷ்யச் சாலட்’ என்று பெயர் வாங்கியது. பிராங்கோ ஆட்சியில் ரஷ்யா என்ற பேரே காதில் விழக்கூடாதென்று ‘தேசியச் சாலட்’ ஆக்கிப் பார்த்தார்கள். நம் ஊர் நட்சத்திர ஹோட்டல் பஃபேயிலும் கல்யாண வரவேற்பிலும் ‘ரஷ்யன் சாலட்’ என்று அட்டை வைத்து நிற்பது இதுதான். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, நடுநடுவே எங்கிருந்தோ அன்னாசித் துண்டு, எல்லாவற்றையும் மூழ்கடித்த முட்டை சேர்க்காத மயோனைஸ், உச்சியில் ஒரு செர்ரி. பக்கத்திலேயே இன்னொரு சின்ன அட்டை, பச்சைப் புள்ளியோடு: ‘ப்யூர் வெஜ்’.